சர்க்கரை மாத்திரைக்கு மக்கள் மருந்தகம் போகலாமா? ஒரு பழைய ரெப்பின் கணக்கு

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த அந்த ஒன்றுக்குக் காரணம் கடைக்குள் இல்லை, கடைக்கு நாம் கொண்டுபோகும் டாக்டர் சீட்டில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி உறையூர்ப் பக்கம் இருக்கும் ஒரு மக்கள் மருந்தகத்தில், அதாவது மத்திய அரசின் ஜன் ஔஷதி கடையில், எனக்கும் என் மனைவிக்கும் சர்க்கரை மாத்திரை வாங்கி வருகிறேன். இப்போது மச்சினனுக்கும் அங்கேதான். கால் நூற்றாண்டுக்கு மேல் மெடிக்கல் ரெப்பாக இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் சர்க்கரை நோய் மருந்துகள். தில்லைநகர் கிராஸ் தெருக்களில் பையைத் தூக்கிக்கொண்டு, டாக்டர் கடைசி நோயாளியை அனுப்பும்வரை வராந்தாவில் நின்ற ஆள். அதனால் இந்த விமர்சனத்தில் தொழில் வாசனை கொஞ்சம் அடிக்கும்.

கடை சின்னது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் படியில் நிற்க வேண்டும். கண்ணாடி அலமாரியில் புரோட்டீன் டப்பா, முகப்பவுடர், குழந்தைகள் சோப்பு என்று அலங்காரம் எதுவும் கிடையாது. மாத்திரைப் பட்டைகளும் அப்படியே. பிராண்டு பெயர் என்று ஒன்றும் இல்லாமல் மருந்தின் பெயரே பெரிதாக அச்சாகியிருக்கும்: மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, சிட்டாகிளிப்டின். மருந்தாளுநர் ஒரு பெண். சீட்டை வாங்கியதும் பிராண்டு பெயரைப் பார்த்து, "சார், இதுல என்ன மருந்து இருக்குன்னு பாத்துடறேன்" என்று கம்ப்யூட்டரில் தட்டிச் சரிபார்க்கிறார். எத்தனை மில்லிகிராம், சாதாரணமா எஸ்.ஆரா (மருந்தை மெதுவாக வெளிவிடும் வகை) என்று திரும்பக் கேட்கிறார். இந்தக் கேள்வியைக் கேட்காத கடையில் சர்க்கரை மாத்திரை வாங்கவே கூடாது என்பது என் கட்சி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

விலைக்கு வருவோம். இந்தத் திட்டம் தொடங்கியது 2008இல். ரொம்ப காலம் பெயருக்குத்தான் இருந்தது. 2025 தொடக்கத்தில் நாடு முழுக்கக் கடைகளின் எண்ணிக்கை 15,000ஐத் தொட்டுவிட்டது. எனக்கு இதில் உண்மையான ஆர்வம் வந்தது 2022 செப்டம்பரில், 'கிளிப்டின்' என்று முடியும் சர்க்கரை மாத்திரை வகையில் ஒன்றான சிட்டாகிளிப்டினை இறக்கியபோது. 50 மில்லிகிராம் பத்து மாத்திரை 60 ரூபாய். 100 மில்லிகிராம் பத்து 100 ரூபாய். மெட்ஃபார்மினோடு சேர்ந்த 50/500 கூட்டு 65, 50/1000 கூட்டு 70. அதே சமயம் வெளியே பிராண்டுகளில் பத்து மாத்திரை 162 முதல் 258 ரூபாய் வரை போவதாக அரசே அறிவிப்பில் சொன்னது. அந்த மருந்தைக் கண்டுபிடித்த கம்பெனியின் காப்புரிமை முடிவதற்கு முன் ஒரு மாத்திரை நாற்பது ரூபாயைத் தாண்டி விற்ற நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. மாதம் முப்பது மாத்திரை என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

தனி மெட்ஃபார்மின், தனி கிளிமிபிரைடு எல்லாம் இங்கே பத்து மாத்திரை பத்து ரூபாய்க்குள் வருகிற சமாசாரம். ஆனால் இவற்றுக்கு மட்டும் என்றால் இந்தக் கடையைத் தேடி வர வேண்டிய அவசியமே இல்லை. இரண்டும் மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை, உச்சவரம்பு விலைக்குள் அடங்கியவை. எந்தக் கடையிலும் மலிவாகத்தான் கிடைக்கும். பணம் கரைவது வேறு இடத்தில். நம்மூர் டாக்டர் சீட்டில் தனி மெட்ஃபார்மின் எழுதுவது குறைந்துகொண்டே வருகிறது. இரண்டு மருந்து, மூன்று மருந்து ஒன்றாகச் சேர்த்த கூட்டு மாத்திரைகள்தான் அதிகம். 2022 பட்டியலில் கிளிமிபிரைடு இருக்கிறது, மெட்ஃபார்மின் இருக்கிறது, டெனிலிகிளிப்டின் புதிதாகச் சேர்ந்தது, கிளார்ஜின் இன்சுலினும் சேர்ந்தது. ஆனால் வாயால் விழுங்கும் சர்க்கரைக் கூட்டு மாத்திரை ஒன்றுகூட அதில் இல்லை. பட்டியலுக்கு வெளியே இருக்கும் மருந்துக்குக் கம்பெனி வருஷத்துக்குப் பத்து சதவீதம் வரை விலை ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றினார்கள். ஏப்ரல் மாதம் புது விலைப்பட்டியல் வரும்போது நான் முதலில் பார்ப்பது கூட்டு மாத்திரைகளைத்தான்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். கூட்டு மாத்திரை மோசடி இல்லை. நாளுக்கு எட்டு மாத்திரை விழுங்குகிறவருக்கு நான்காகக் குறைத்தால் மறக்காமல் சாப்பிடுவார். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது இந்தியாவில் மிக அதிகமாக விற்கும் கூட்டுகளில் ஒன்று. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நோயாளிக்குத் தான் என்ன சாப்பிடுகிறோம் என்றே தெரியாமல் போவது கூட்டு மாத்திரையால்தான். "எம் டூ சாப்பிடறேன்" என்பார்கள். பெரும்பாலான பிராண்டுகளில் அந்த 1, 2 என்பது கிளிமிபிரைடின் மில்லிகிராம். அதோடு 500 மெட்ஃபார்மின் இருக்கும். பின்னால் ஃபோர்ட் என்று ஒட்டியிருந்தால் பெரும்பாலும் மெட்ஃபார்மின் 1000. ஃபோர்ட் என்ற சொல்லைக் கவனிக்காமல் கொடுத்துவிட்டால் நோயாளியின் மெட்ஃபார்மின் பாதியாகிவிடும். மூன்று மாதம் கழித்து ரிசல்ட் ஏறும், டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்ப்பார். மேலே சொன்ன மருந்தாளுநரின் கேள்விக்கு நான் ஏன் அவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

சீட்டு எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் வேலையில் ஆர்.சி.பி.ஏ. என்று ஒன்று உண்டு. காலையில் மருந்துக் கடைக்குப் போய், எந்த டாக்டர் நேற்று என்ன பிராண்டு எவ்வளவு எழுதினார் என்று கடைக்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது. சாயங்காலம் டாக்டரைப் பார்க்கும்போது அந்தக் கணக்கு நம் தலையில் இருக்கும். இவர் ஒரு கிளிப்டினுக்கு எத்தனை சீட்டு, அதில் நம் பிராண்டுக்கு எத்தனை, யாரிடமிருந்து எடுக்கலாம். மருந்து நல்லதா என்ற விவாதமெல்லாம் விஷுவல் எய்டின் (டாக்டரிடம் விரித்துக் காட்டும் விளம்பரப் புத்தகம்) முதல் பக்கத்தோடு முடிந்துவிடும். மிச்சமெல்லாம் பிராண்டுக்கும் பிராண்டுக்கும் நடக்கும் இழுபறி. பரிசு, வெளியூர்ப் பயணம் எல்லாம் கொடுக்கக் கூடாது என்று 2024 மார்ச்சில் புது விதிமுறை வந்திருக்கிறது. நான் வேலையை விட்டபின் வந்தது என்பதால் களத்தில் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றி வாய்திறக்க எனக்குத் தகுதியில்லை.

டெனிலிகிளிப்டின் கதையைப் பார்த்தால் விலை எப்படி நடக்கிறது என்று விளங்கும். ஜப்பானில் 2012இல் வந்த மருந்து. இந்தியாவில் 2015இல் இறங்கியது. அப்போது கிளிப்டின் என்றாலே பணக்காரர் மருந்து. இது பாதி விலையில் வந்தது. ஒரே வருஷத்தில் வரிசையாகக் கம்பெனிகள் இறங்கின. எங்கள் ஸ்டாக்கிஸ்ட் (மொத்த விநியோகஸ்தர்) குடோனில் டெனிலி பிராண்டுகளுக்குத் தனி ரேக்கே போட்டார்கள். விலை இன்னும் இறங்கியது. அமெரிக்காவில் அனுமதியே வாங்காத மருந்து திருச்சியில் மூன்று சீட்டுக்கு ஒன்றில் இருந்தது என்றால் நம்புவீர்களா? இது நான் கண்ணால் பார்த்த மதிப்பு, ஆய்வு இல்லை. பிறகு வில்டாகிளிப்டினுக்கு 2019 டிசம்பரில் காப்புரிமை முடிந்தது. சிட்டாகிளிப்டினுக்கு 2022 ஜூலையில். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சில். ஒவ்வொன்று முடியும்போதும் விலை செங்குத்தாக விழுந்தது. எம்பா மாத்திரை ஒன்று அறுபது ரூபாய்க்கு விற்றது, முடிந்த அதே மாதம் பத்து ரூபாய்க்குள் கிடைக்க ஆரம்பித்தது.

விலை விழுந்ததும் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? செலவு குறையும் என்றா? சிலருக்குக் குறைந்தது. பலருக்கு, ஏற்கெனவே இருந்த சீட்டில் இன்னொரு மாத்திரை கூடியது. மருத்துவக் காரணம் உண்டு. இதயம், சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்களுக்கு எம்பா, அதே வகையைச் சேர்ந்த டாபா (டாபாகிளிஃப்ளோசின்) மாத்திரைகள் உண்மையிலேயே பலன் தருகின்றன, அது நிரூபிக்கப்பட்ட விஷயம். அவர்களுக்கு இவ்வளவு காலம் எட்டாத மருந்து இப்போது எட்டுகிறது, நல்லதே. ஆனால் எல்லோருக்கும் அது தேவையா என்று கேட்க நமக்கு வாய் வருவதில்லை.

பழைய மருந்து என்றால் மட்டம் என்று ஒரு எண்ணத்தை நாங்கள்தான் வளர்த்தோம். கிளிமிபிரைடு இதயத்துக்குக் கெடுதலோ என்று ஒரு சந்தேகம் வெகுகாலம் சுற்றியது. 2019இல் கரோலினா என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தது: லினாகிளிப்டினோடு ஒப்பிட்டதில் இதய விஷயத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் லோ சுகர் ஆனவர்கள் கிளிமிபிரைடு பக்கம் 37.7 சதவீதம், லினாகிளிப்டின் பக்கம் 10.6 சதவீதம். ஆக, தனியாக இருக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கு, சாப்பாட்டு நேரம் நிலையில்லாத லாரி டிரைவருக்கு, கிளிப்டின் எழுதும் டாக்டர் விவரம் தெரிந்து எழுதுகிறார். காலா காலத்தில் சாப்பிட்டு வீட்டோடு இருப்பவருக்கு மலிவான மாத்திரையே போதும் என்று எழுதும் டாக்டரும் விவரம் தெரிந்துதான் எழுதுகிறார்.

மச்சினன் விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவியின் தம்பி, காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் கணக்கு எழுதுகிறவன். மாத்திரைக்கு மாதம் மூவாயிரத்துக்கு மேல் ஆகிறது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னான். சம்பளம் எனக்குத் தெரியும், அதனால் சீட்டை எடுத்துவரச் சொன்னேன். ஆறு வரி. கிளிமிபிரைடு 2, மெட்ஃபார்மின் 1000 கூட்டு காலை இரவு. சிட்டாகிளிப்டின் 100 மதியம். டாபாகிளிஃப்ளோசின் 10. கொழுப்புக்கு ரோசுவாஸ்டாட்டின். பிறகு "நரம்புக்கு" என்று ஒரு பதினான்கு வைட்டமின் மாத்திரை. கடைசியில் வெறும் வயிற்றில் ஒரு அசிடிட்டி மாத்திரை.

பேனாவை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே விலை எழுதினேன். வைட்டமினும் அசிடிட்டி மாத்திரையும் சேர்ந்து ஏறத்தாழ மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு! சர்க்கரைக்குச் சம்பந்தமில்லாத இரண்டு வரி. மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டால் பி12 குறையும், அது உண்மை. பி12 மட்டும் சாதாரண மாத்திரையாக வாங்கினால் காசு பெரிதாக ஆகாது. இந்தப் பதினான்கு சாமான் கலவைதான் விலை.

"அசிடிட்டி இருக்காடா உனக்கு?"

"இல்ல மாமா. எப்பவோ ஒரு தடவை வயிறு எரியுதுன்னு சொன்னேன், அப்பலேர்ந்து வருது."

"எப்போ?"

"பாப்பா பிளஸ் டூ படிக்கறப்போ."

பாப்பாவுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருக்கிறது.

டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு மாலையில் அறுபது பேரைப் பார்க்கிறவர் போன தடவை சீட்டைப் பார்த்து அப்படியே எழுதுவார். கேட்காவிட்டால் எந்த வரியும் தானாகப் போகாது. மச்சினனை அதே டாக்டரிடம் அனுப்பி, மூன்றே விஷயம் கேட்கச் சொன்னேன். அசிடிட்டி மாத்திரை தேவையா, வைட்டமினுக்குப் பதில் பி12 மட்டும் போதுமா, மற்றதை மருந்துப் பெயரில் எழுதித் தர முடியுமா. முதல் இரண்டுக்கும் டாக்டர் சரியென்றார். மூன்றாவதற்கு, "பேரு நான் எழுதறேன், ஆனா மூணு மாசச் சராசரி டெஸ்ட் எடுத்துட்டு வரணும், ஏறினா பழைய பிராண்டுக்குத் திரும்பிடுவோம்" என்றாராம். நியாயமான டாக்டர்.

மருந்துப் பெயரில் எழுதுவதை ஏன் வலியுறுத்தினேன் என்றால், சீட்டில் ஒரு பிராண்டு எழுதியிருந்தால் அதற்குப் பதில் வேறு மாத்திரையை, உள்ளே அதே மருந்து இருந்தாலும், மருந்தாளுநர் தானாக மாற்றிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. நடைமுறையில் மாற்றுகிறார்கள், அது வேறு. மருந்துப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் விதி கொண்டுவந்தது. டாக்டர்கள் சங்கங்கள் எதிர்த்தன, அதே மாதக் கடைசிக்குள் விதியை நிறுத்திவைத்துவிட்டார்கள். ஆகவே இப்போதைக்கு நாம் கேட்டு வாங்கினால்தான் உண்டு.

மச்சினனின் பில் இந்தக் கடையில் இப்போது ஆயிரத்துக்குள் நிற்கிறது. சராசரி டெஸ்டில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை, ஏழரையை ஒட்டியே இருந்தது. அவன் ராத்திரி பரோட்டாவை விட்டால் அதுவும் இறங்கும்.

"விலை கம்மி, வேலை செய்யுமா?" இதைக் கேட்காத ஆள் இல்லை. இந்தத் திட்டத்துக்கு மருந்து கொடுக்கும் கம்பெனிகள் உலக சுகாதார நிறுவனத்தின் உற்பத்தித் தரச் சான்று வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பேட்ச்சும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் கடைக்கு வருகிறது. நம் நாட்டில் பெரிய பிராண்டுகளில் பலவும் சொந்த ஆலையில் செய்யப்படுவதில்லை, வேறு ஆலையில் செய்து பெயரை ஒட்டிக்கொள்வது சகஜம். பட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் "தயாரிப்பு", "விற்பனை" என்று இரண்டு முகவரி இருக்கும், பாருங்கள். கிளிமிபிரைடு போல நீரில் எளிதாகக் கரையாத மருந்துகளுக்கு, இரத்தத்தில் மூல மருந்து மாதிரியே கலக்கிறதா என்ற சோதனையை 2017இல்தான் கட்டாயமாக்கினார்கள். அதற்கு முன்பே உரிமம் வாங்கிய பழைய தயாரிப்புகள் ஏராளம். அந்தச் சந்தேகம் மலிவு மாத்திரைக்கு மட்டுமில்லை, பளபளப்பான பிராண்டுக்கும் சேர்த்துத்தான்.

போலி என்று ஜனங்கள் திரும்பக் கொண்டுவருவதற்கு இரண்டு காரணங்களைக் கடையிலேயே நின்று கேட்டிருக்கிறேன். ஒன்று, "மாத்திரை கரையாம அப்படியே வெளிய வருது." மெட்ஃபார்மின் எஸ்.ஆர். வகைகளில் சிலவற்றுக்கு அது இயல்பு. மருந்து மெதுவாக வெளியேறிய பின் மேல்கூடு மட்டும் மலத்தோடு வரும். நூறு ரூபாய் பிராண்டிலும் வரும். இன்னொன்று, பட்டையைப் பிரித்ததும் ஒரு கருவாட்டு வாசனை. மெட்ஃபார்மினுக்கே அந்தக் குணம் உண்டு, கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. எஸ்.ஆர். மாத்திரையை உடைத்தோ பொடித்தோ சாப்பிடாதீர்கள், அவ்வளவுதான்.

உண்மையான ஆபத்து வேறு. பிராண்டு மாறியதும் பழைய பட்டையையும் புதுப் பட்டையையும் இரண்டு வெவ்வேறு மாத்திரை என்று நினைத்து இரண்டையும் விழுங்குவது. கிளிமிபிரைடு இருக்கும் கூட்டில் இப்படி நடந்தால் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மயங்கி விழும் அளவுக்குப் போகும். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் மாற்றிய அன்றைக்கே பழைய பட்டைகளை டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இப்போது குறைகள். இரண்டாயிரத்துக்கு மேல் மருந்துகள் பட்டியலில் உண்டு என்றாலும், வெளியே விற்கும் எல்லாக் கூட்டும் இருக்காது. மூன்று மருந்துக் கூட்டுக்குப் பழகியவர் இரண்டு பட்டையாகப் பிரித்து வாங்க நேரும். மாத்திரை எண்ணிக்கை கூடும், பெரியவர்கள் முனகுவார்கள். மாத்திரையை மறக்கிற ஆள் என்றால் மிச்சமாகும் காசைவிட அந்த முனகலுக்கு மதிப்புக் கொடுங்கள். சில மாத்திரைகளின் நிறமும் அளவும் அடுத்த தடவை மாறியிருக்கும், ஏனென்றால் டெண்டர் எடுத்த கம்பெனி மாறியிருக்கும். என் மனைவிக்கு இது பிடிக்கவே இல்லை. "வெள்ளையா நீளமா இருந்ததே, இது ஏன் உருண்டையா இருக்கு?" என்று அடுத்த பட்டை முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

மலிவு என்ற பெயரில் நடக்கும் இன்னொரு வியாபாரத்தையும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். "ஜெனரிக் மருந்து, 50 முதல் 80 சதவீதம் தள்ளுபடி" என்று பலகை வைத்திருக்கும் தனியார் கடைகள். ஒரு கடையில், ஊர் பேர் வேண்டாம், கிளிமிபிரைடு கூட்டு வாங்கினேன். அச்சிட்ட விலை பத்து மாத்திரை தொண்ணூறு சொச்சம், எனக்குப் பாதி விலை. அந்த மாத்திரை கடைக்கு என்ன விலையில் இறங்கியிருக்கும் என்று ஸ்டாக்கிஸ்ட் நண்பரைக் கேட்டேன். பதினைந்துக்கும் கீழே. விலையை அவர்களே ஏற்றி அச்சிட்டு, அவர்களே பாதியாகக் குறைத்து, நமக்கு ஒரு சந்தோஷத்தையும் கொடுத்து அனுப்புகிறார்கள். சாதாரண மருந்துக் கடையில் சில்லறை லாபம் உச்சவரம்பு மருந்துக்கு 16 சதவீதம், மற்றதற்கு 20 சதவீதம் என்பது வழக்கம். மக்கள் மருந்தகக் கடைக்காரருக்கும் 20 சதவீதம்தான். எனவே அச்சிட்ட விலையில் எத்தனை சதவீதம் தள்ளுபடி என்று பார்க்காதீர்கள். ஒரு மாத்திரை கடைசியில் எத்தனை ரூபாய்க்குக் கைக்கு வருகிறது என்று பாருங்கள். இதே வழியில், பெரிய சங்கிலிக் கடைகளும் செயலிகளும் தரும் இருபது சதவீதத் தள்ளுபடியை அந்தப் பெரிய பிராண்டுக்கே கணக்குப் போட்டுப் பார்த்தாலும், இங்கே வரும் விலைக்குக் கிட்டத்தில் வருவதில்லை. 2025 செப்டம்பரில் மருந்துக்கான ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 ஆனது எல்லாருக்கும் பொது.

தமிழ்நாடு அரசின் முதல்வர் மருந்தகங்கள் 2025 பிப்ரவரி 24 அன்று ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் திறந்தன. கூட்டுறவுச் சங்கங்களும் மருந்தாளுநர் படித்த தனிநபர்களும் நடத்துகிறார்கள். அம்மா மருந்தகம் மாதிரி பிராண்டுக்குத் தள்ளுபடி கொடுத்ததோடு நிற்காமல் ஜெனரிக் மருந்தை மையமாக வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுக்கு எது பக்கமோ அதற்குப் போகலாம், சர்க்கரை மாத்திரையைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இதற்கும் மேலே ஒன்று, முழு இலவசம். திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனையில் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, இன்சுலின் எல்லாம் காசில்லாமல் கிடைக்கும். 1994இல் ஆரம்பித்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி ஊர் ஊராகக் கிடங்கு வைத்து அனுப்புகிறது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எங்கள் தெருவில் பூக்கட்டும் அம்மாவுக்கு அப்படித்தான் வருகிறது. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு சொன்னது. அந்தக் கூட்டத்தில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடுமே போதுமானவர்கள் கணிசம். அவர்கள் இந்தக் கடைக்குக்கூட வர வேண்டாம். இன்னும் மேலே, கிளிப்டின், டாபா என்று சீட்டு நீண்டவர்களுக்குத்தான் இந்தக் கடையால் லாபம்.

இடையில் ஒன்று: சர்க்கரைக்கு வாரம் ஒரு தடவை போடும் ஊசி பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். அப்படிப்பட்ட ஊசியான மவுஞ்சாரோ 2025 மார்ச்சில் இங்கே வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375. வாரம் ஒன்று. மண்டிக் கணக்குப்பிள்ளைக்கு அந்தப் பேச்சே வேண்டாம் என்று நகர்கிறேன்.

இன்சுலின் போடுபவர்கள் கடை மாறும்போது ஊசியைக் கவனியுங்கள். குப்பியில் 40 யூனிட் என்று இருந்தால் சிவப்பு மூடி ஊசி, 100 யூனிட் என்றால் ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு தவறும். இந்தக் கடையில் கேட்டுத்தான் கொடுக்கிறார்கள்.

போகும்போது பழைய காலிப் பட்டைகளையும் எடுத்துப் போங்கள், சீட்டைவிட அது தெளிவாகப் படிக்க வரும். பில் கேட்டு வாங்குங்கள், அடுத்த தடவை டாக்டரிடம் காட்ட அது போதும். மாதம் முதல் தேதியிலிருந்து ஐந்துவரை பென்ஷன்காரர்கள் கூட்டம், பத்துக்கு மேல் போனால் நின்று பேசலாம். காலை ஒன்பதுக்குத் திறக்கிறார்கள், மத்தியானம் மூடுவதில்லை, ஞாயிறு அரை நாள். வண்டி நிறுத்த இடமில்லை, நடந்தே போங்கள், சர்க்கரைக்கு அதையும் டாக்டர் எழுதியிருப்பார்.